ஓட்டமும் ஓய்வும்

அரபுப் பாடம் நடத்துகையில் நாம் ஆண்டுதோறும் எடுத்துரைக்கும் முதுமொழி ஒன்றுண்டு. ஊர்தியை ஓயாது விரட்டியவன் வழியையும் கடந்திலன், ஊர்தியையும் காத்திலன் என்பது அதன் கருத்து. சொற்களைப் பிரித்து, இலக்கணம் கூறி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதனைக் கற்பித்து வருகிறோம். ஆயினும் அதன் பொருள் நமக்கு விளங்கியது, நம் மாணவன் ஒருவன் நொண்டி நடந்த அன்றுதான்.

தந்தையை இழந்த பிள்ளை அவன், வயது பதினாறு. 1500 மீட்டர் ஓட்டத்தில் ஆர்வம் மிக்கவன். 400 மீட்டர் திடலை மூன்றே முக்கால் முறை சுற்றும் அவ்வோட்டத்தை 5 நிமிடம் 6 வினாடியில் முடித்து வந்தான். மாவட்டப் போட்டிக்கு அது போதாது. அவன் தாயார் கேட்டுக்கொண்டதால் பொறுப்பை நாம் ஏற்றோம். "விரைந்து ஓட வேண்டுமானால், நாள்தோறும் விரைந்து ஓடு" என்பதே நாம் அறிந்த ஒரே விதி. ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் கடிகாரமும் கையுமாகத் திடலில் நிற்போம். ஆறு வாரம் ஒருநாளும் விட்டதில்லை. நேரமோ குறையவில்லை, கூடியது.

ஒருநாள் காலை அவன் காலை இழுத்து நடக்கக் கண்டோம்.

"எத்தனை நாளாக வலிக்கிறது, தம்பி?"

"மூன்று வாரமாக, ஹஜ்ரத்."

"ஏன் சொல்லவில்லை?"

"எனக்காக நாள்தோறும் வந்து நிற்கிறீர்களே, எப்படிச் சொல்வது?"

நாம் பேச்சற்று நின்றோம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு அளவு மீறிய உழைப்பால் நலிந்துள்ளது என்றார் மருத்துவர். ஓட்டம் உடலைத் தளர்த்துகிறது, ஓய்வே அதனை முன்னிலும் வலிதாகக் கட்டுகிறது என்றும் விளக்கினார்.

அவன் ஓய்ந்திருந்த நாட்களில் நாம் ரோஜர் பானிஸ்டரைப் பற்றிப் படித்தோம். மருத்துவம் பயின்ற அவர், ஒரு மைலை 4 நிமிடத்திற்குள் ஓட முயன்றவர். கால் மைலைப் பத்து முறை ஓடுவார். ஒவ்வொன்றுக்கும் இடையே 2 நிமிட இடைவெளி. 61 வினாடிக்குக் கீழே அவரால் இறங்க இயலவில்லை. பயிற்சியை விட்டு ஸ்காட்லாந்து மலைகளில் சில நாள் ஏறித் திரிந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடி! 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் முடித்தார்.

குணமடைந்தபின் நம் மாணவனின் முறையை மாற்றினோம். வாரத்தில் ஒரே நாள் விரைவோட்டம்: 400 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 77 வினாடியில், இடையே 2 நிமிட நடை. ஒருநாள் முழு ஓய்வு. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடத்தக்க மெல்லோட்டம். முன்பெல்லாம் முதல் சுற்றை 68 வினாடியில் பாய்ந்து ஓடி, தசை இறுகி, இறுதியில் தள்ளாடுவான். இப்போது எல்லாச் சுற்றுகளையும் ஒரே சீராக ஓடக் கற்றான்.

மறு ஆண்டு மாவட்டப் போட்டியில் 4 நிமிடம் 50 வினாடி, நான்காம் இடம். பரிசு இல்லை. ஆயினும் ஓடி முடித்தவன் நேரே நம்மிடம் வந்து, "கால் வலிக்கவில்லை, ஹஜ்ரத்" என்றான். நாம் கேட்கும் முன்பே அவன் அதைச் சொன்னது நமக்குப் போதுமாயிருந்தது.