நாண் கூறும் சான்று

எமது சவளக்கடைப் பகுதியினருக்குப் பாலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மேவிப் பாயும் நாட்களிற் கல்முனை செல்லும் வழி தடைப்பட, மாணவரும் உழவரும் நோயாளரும் உறும் இடரை நாம் நன்கறிவோம். ஆதலால், பொறியியலாளராகிய பழைய மாணவர் ஒருவர் பாலவேலையின் நுட்பத்தை விளக்கியபோது, தமிழாசிரியனாகிய யான் மாணவனாய் இருந்து கேட்டேன்.

கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவைக்கு ஆற்றாது. எனவே, உத்தரத்தினுள் குழாய் பதித்து, கொங்கிறீற்று வலுப்பெற்றபின், அக்குழாயினூடு செல்லும் உருக்கு வடத்தை வில்லின் நாண்போல் ஜாக்கியால் இழுத்து, முனையில் ஆப்பிட்டு நிறுத்துவர். சுருங்க முயலும் வடம் உத்தரத்தை என்றும் இறுக்கி வைத்திருக்கும். பிரான்சு நாட்டுப் பிரெசினே என்பார் 1928ஆம் ஆண்டு முன்தகைப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன் முயன்றோர் சாதாரண உருக்கைக் கையாண்டனர். அதன் சிறு நீட்சியைக் கொங்கிறீற்றின் சுருக்கமே நாளடைவில் விழுங்கிவிட்டது. நீட்சியே இம்முறையின் உயிர்.

அதனைக் கணிக்கும் விதி எளிது. விசையை நீளத்தாற் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பையும் யங்கின் மட்டையும் பெருக்கிவந்த தொகையாற் பிரித்தல் வேண்டும். 30 மீற்றர் நீளமும் 98.7 சதுர மில்லிமீற்றர் பரப்புமுடைய வடத்திற் சராசரி விசை 130 கிலோநியூட்டன் என்க. யங்கின் மட்டு சதுர மில்லிமீற்றருக்கு 195 கிலோநியூட்டனாயின், நீட்சி ஏறத்தாழ 203 மில்லிமீற்றர். உராய்வினால் விசை உட்செல்லச் செல்லக் குறைதலின் சராசரி கொள்ளப்படுகிறது.

அளக்குங்கால், முதலிற் சிறுவிசையாற் தொய்வை நீக்கி அடையாளமிடுவர். அவ்விசைக்குரிய நீட்சியைப் பின்னர்க் கணக்கிற் சேர்ப்பர். அமுக்கமானி விசையைக் கூறும். அளவுகோல் நீட்சியைக் கூறும். இவ்விரு சாட்சிகளும் நூற்றுக்கு 5 அல்லது 7 வீத வேறுபாட்டுக்குள் ஒத்தல் வேண்டும். நீட்சி குறையின், குழாய் அடைபட்டிருக்கலாம். மிகின், கம்பி அறுந்தோ வழுக்கியோ இருக்கலாம். அமுக்கமானியே பிழைபட்டிருக்கவுங் கூடும். காரணங் காணாது மேற்செல்லலாகாது.

ஏனெனில், பின்னர்க் குழாயினுள் சீமெந்துச் சாந்து செலுத்தப்படும். அதன்பின் வடத்தைக் கண்ணாற் காண்பார் இல்லை. அன்று எழுதிய எண்ணை நம்பியே ஊரார் பாலத்தைக் கடப்பர். ஒவ்வாத எண்ணைத் திருத்தி எழுதுதல் எளிது; வேலையை நிறுத்திக் காரணந் தேடுதல் அரிது. நாளை பொறியியல் பயிலவிருக்கும் எம் மாணவரிடம் யான் வேண்டுவது ஒன்றே: கணித்த எண்ணுக்கு இணங்க அளந்த எண்ணை வளைக்காதீர்கள்; அளந்ததை அளந்தவாறே எழுதுங்கள்.