தீவான் கொல்லையும் ஒரு படையல் இலையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் பேச ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உறவுக்காரர்கள் மட்டும் கடைசி வரை கட்டாயம் படித்துவிடுங்கள். உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

காட்டேரிக்குப்பத்தில் எங்கள் நிலத்தில் ஒரு துண்டுக்குத் ‘தீவான் கொல்லை’ என்று பெயர். இந்த வருடம் மல்லாட்டை போட்டிருக்கிறோம். அந்தத் தீவான் என் எள்ளுத்தாத்தா. 1860களின் நடுவில், கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் மரியாதையோடு சொல்லி நான் கேட்டதில்லை. பொறுப்பில்லாத பிள்ளைகளைத் திட்டும்போது, “தீவான் ரத்தம், எங்க நிக்கும்” என்பார்கள். நானும் அந்தத் திட்டை வாங்கியிருக்கிறேன்.

என் ஆயா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எள்ளுப்பாட்டி உயிரோடு இருந்தார். ஆயா சொல்வார்: “வில்லியனூர் தேருக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவருடா. தேரு நெலைக்கு வந்துடிச்சி, அவரு வரல. அந்தக் கிழவி சாவற வரைக்கும் தாலிய கழட்டல, பொட்ட அழிக்கல.” உழவு மாடு செத்துப் போயிருந்ததாம். மேஸ்திரி ஒருவன் முன்பணம் கொடுத்து, ஒரு மாதக் கப்பல் பயணம், ஐந்தே வருடம், கை நிறையக் காசோடு திரும்பலாம் என்று பேசி முடித்திருக்கிறான். அந்த முன்பணத்தில் வாங்கிய மாடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆள் வரவில்லை.

பணி ஓய்வு பெற்றபின் இதைத் தேட ஆரம்பித்தேன். ஊரில் உடனே பேச்சு கிளம்பிவிட்டது. “இன்னா சார், பிரான்ஸ் பாஸ்போர்ட்டா?” என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக் காகிதத்தைத் தேடினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நம் மக்களுக்கு எண்ணம்.

முதலில் எந்தத் தீவு என்று தெரிய வேண்டும். 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போக, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். 1861இல் ஆங்கிலேயரோடு பிரெஞ்சு அரசு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி ஆட்களும் முறைப்படி இந்தத் துறைமுகங்களில் ஏற்றப்பட்டார்கள். குவாதலூப், மார்த்தினிக் என்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதம் ஆகும். மொரீசு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஒரு மாதப் பயணம், பிரெஞ்சுத் தீவு என்றால் அது ரெயூனியன்தான். நான் ஆறு மாதம் குவாதலூப் பதிவேடுகளில் தேடிக்கொண்டிருந்தேன். ஆயா சொன்ன அந்த ‘ஒரு மாசம்’ என் காதிலேயே இருந்தும் மூளைக்கு ஏறவில்லை. பிள்ளைகளை இதற்கெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

ரெயூனியனின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, பள்ளியில் படித்த அளவுதான். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படித்துச் சொன்னது பாரிஸ் பக்கம் வசிக்கும் என் பழைய மாணவி. அவள் இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை. நம் பெயர்களை குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். வையாபுரி அங்கே ‘வயபூரி’. கருப்பன் ‘கருப்பேன்’. அப்பன் பெயரோ பிள்ளை பெயரோ ஏதோ ஒன்று குடும்பப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெயர்களோடு அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. மல்பார் என்று அவர்களைச் சொல்கிறார்கள். தமிழ் போய்விட்டது, ஆனால் தீமிதி போகவில்லை. நம் திரௌபதி அம்மன் அங்கே ‘பாண்டியாலே’.

ஒப்பந்தம் ஐந்து வருடம், ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பக் கப்பல். தாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வராத நாளெல்லாம் கணக்கில் சேராது, ஐந்து வருடம் நீண்டுகொண்டே போகும். மறு ஒப்பந்தம் போட்டால் கையில் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். கூலிகளை நடத்திய விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882இல் ஆங்கில அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரில், ஏறக்குறைய அவர் வயதில், ‘புதுச்சேரியில் பிறந்தவர்’ என்ற குறிப்போடு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் இறங்கிய இரண்டாம் வருடமே சென்-தெனி மருத்துவமனையில் இறந்திருக்கிறார். வயது 24 என்று போட்டிருக்கிறது, பெற்றோர் பெயர் இல்லை. இன்னொருவர் தெற்கே சென்-பியேரில் மறு ஒப்பந்தம் போட்டு, அங்கேயே ஒரு பெண்ணை மணந்து, நான்கு பிள்ளைகள் பெற்று, வயதாகி இறந்திருக்கிறார். இவருடைய திருமணப் பதிவில் அப்பா பெயர் இருக்கிறது.

முதல் ஆள்தான் நம் தாத்தா என்றால், எள்ளுப்பாட்டி ஐம்பது வருடத்துக்கும் மேலாக இல்லாத புருஷனுக்காகத் தாலியைச் சுமந்திருக்கிறார். நாமும் செத்துப்போன 24 வயதுப் பையனை மூன்று தலைமுறையாகத் திட்டியிருக்கிறோம். இரண்டாவது ஆள் என்றால், திட்டியது சரிதான். ஆனால் அங்கே நமக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். மாணவி இதைப் படித்துச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. என் தம்பி இரண்டாவது ஆள்தான் என்று அடித்துச் சொல்கிறான். பெரிய அக்கா, “பாவம்டா, அந்த மொதப் புள்ளதான்” என்று அழுதுவிட்டார்.

அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் நம் வீட்டில் அவருக்கு ஒருமுறைகூடப் படையல் போட்டதில்லை. ஆடி அமாவாசைக்கு எல்லாத் தாத்தாக்களுக்கும் இலை விழும், அவருக்கு விழாது. இந்த வருடம் போட்டுவிடலாம் என்று அக்கா சொல்கிறார். எப்படியும் செத்தவர்தானே என்பது அவர் கணக்கு. தம்பிக்குச் சம்மதம் இல்லை.

தீர்த்துவைக்க ஒரு வழி இருக்கிறது. நமக்கு அவருடைய அப்பா பெயர் தெரியாது. ஆனால் தீவான் கொல்லைக்கு ஒரு பழைய நொத்தேர் பத்திரம் இருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பாகப்பிரிவினையின்போது பெட்டிகள் பல வீடுகளுக்குப் போயின. பண்ருட்டி அத்தை வீட்டார், முத்தியால்பேட்டை சித்தப்பா பிள்ளைகள், தயவுசெய்து பரணில் ஏறிப் பாருங்கள். பிரெஞ்சில் எழுதிய காகிதம் எது கிடைத்தாலும், மடிப்பைப் பலமாக இழுக்காமல் தரையில் விரித்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அமாவாசைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்