வெலிங்டனின் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை நான் கேட்டது காஞ்சிபுரத்து வேகவதி ஆற்று மணலில். ஆண்டில் பெரும்பகுதி தண்ணீர் ஓடாத ஆறு. பிள்ளையார்பாளையத்துப் பையன்களுக்கு அதுதான் மைதானம். இரண்டு பக்கமும் செருப்புகளைக் குவித்தால் கோல். கூட்டத்தில் யார் சின்னவனோ அவன் கோலி. அழுதுவிடுவேன் போல நின்றிருந்த என்னைப் பார்த்து, மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த தெருப் பெரியவர் ஒருவர் அதட்டினார்: "கோலுக்குப் போறது தண்டனையாடா? எங்க தங்கராஜும் முன்னாடி ஃபார்வர்டு ஆடினவருதான். கோலுக்குப் போனப்புறம்தான் உலகமே திரும்பிப் பாத்துது." அவரை நாங்கள் மிலிட்டரி தாத்தா என்போம்.

தாத்தா மிகைப்படுத்தவில்லை என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த தங்கராஜ், 1953இல் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தார். நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது அந்தப் படை மையம். அங்கே சென்டர் ஃபார்வர்டாக ஆடத் தொடங்கிய நெடிய இளைஞரைக் கோலுக்கு மாற்றினார்கள். 1955இலும் 1958இலும் டுராண்டு கோப்பை வெலிங்டன் அணிக்கு வந்தது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் தங்கராஜும் இருந்தார். சோவியத் கோல்கீப்பர் லெவ் யாஷின் தங்கம் வென்றதும் அந்த ஒலிம்பிக்கில்தான். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெருமை தங்கராஜுக்குக் கிடைத்தது.

தாத்தா அலுக்காமல் சொன்னது 1962 ஜகார்த்தா கதை. ஆசிய விளையாட்டுப் போட்டியின் நடுவே தங்கராஜுக்குக் காய்ச்சல். பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். இறுதி ஆட்டம் தென்கொரியாவுடன். முதல் ஆட்டத்தில் நம்மை இரண்டு கோல் போட்டு வென்றிருந்த அணி. பயிற்சியாளர் ரஹீம், காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜையே கோலுக்கு அழைத்தார். அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியும், 2-1 என்று தங்கம் நம்முடையது. தங்கராஜ் கோலிலிருந்து உதைத்தால் பந்து எதிரணியின் பெனால்டி எல்லைவரை போகும் என்று சொல்லி, தாத்தா ஆற்றின் அக்கரையைக் காட்டுவார்.

பந்தைப் பார்க்கும் கண்ணை எனக்கு எங்கள் வீட்டுத் தறி கொடுத்தது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, ஒருவரால் ஆகாது. அப்பா தறிப் பலகையில் உட்கார, வலப்பக்கம் நான். உடலின் நிறமும் கரையின் நிறமும் சேருமிடத்தில் ஊடைகள் ஒன்றோடொன்று பின்ன வேண்டும். அப்பா மிதியை அழுத்தியதும் கரை நாடாவை விட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினாலும் கோர்வை விட்டுப்போகும். மாலையில் ஆற்றில் நிற்கும்போதும் கை அதே பதத்தில் இருக்கும்.

அந்தத் தறி இப்போது இல்லை. அப்பாவுக்குப் பிறகு தறிப் பள்ளத்தை மூடித் தளம் போட்டுவிட்டோம். வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிக்குப் போகும்போதெல்லாம் ஆற்றங்கரைக்கும் போய் நிற்பேன். பந்தின் பின்னால் ஓடிய அந்தக் கூட்டத்துக்கு மனம் ஏங்கும். ஒரு கோல்கீப்பரின் பெயரைச் சொன்னதும் ஒரு தெருவே நிமிர்ந்து உட்கார்ந்த அந்தக் காலத்துக்கும்தான்.

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடி, 1967இல் அர்ஜுனா விருது பெற்று, 1971இல் ஆட்டத்தை நிறுத்தினார் தங்கராஜ். பிறகு பயிற்சியாளர். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். 2024இல் வந்த 'மைதான்' படம் ரஹீமின் அணியைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது. அதில் தங்கராஜும் ஒரு பாத்திரம்.

யாஷின் பெயரில் உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பருக்கு விருது கொடுத்தார்கள். இன்று பலோன் தோர் விழாவிலும் அவர் பெயரில் கோப்பை உண்டு. தங்கராஜைக் கோல்கீப்பராக்கியது தமிழ்நாட்டு மண். நம் மாநிலப் பள்ளிக் கால்பந்துப் போட்டிகளில் சிறந்த கோல்கீப்பருக்குத் தங்கராஜ் பெயரில் ஒரு பரிசு கொடுங்கள். விளையாட்டுத் துறையினரிடமும், பந்தாட்டச் சங்கங்களிடமும், உடற்கல்வி ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இதைத்தான்.