துக்கத்துக்கு முன் ஒரு விசாரிப்பு

மதுரையில் எங்கள் வீட்டில் விசாரிப்பது என்பது ஒரு தனி வேலை. 1979-இல் பெரியக்காவுக்கு அமெரிக்க வரன் வந்தபோது அப்பா மூன்று மாதம் விசாரித்தார். அத்தான் படித்த கல்லூரியில் கேட்டார். அவர்கள் குடியிருந்த தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டார். கடைசியில் அந்த வீட்டுக்குப் பால் ஊற்றியவரிடமும் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

அந்த அக்காவின் கடைசி நாட்களை யார் கையில் ஒப்படைப்பது என்று 2023 அக்டோபரில் முடிவு செய்ய நான் எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம்.

கணையத்தில் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோ ஆகியிருந்தது. இனி மருந்து நோயைவிட அதிகமாக வதைக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நியூஜெர்சியில் நாங்கள் இருந்த மருத்துவமனையில், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிக்கும் பெண் ஒரு தாளை நீட்டினார். அதில் ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு அமைப்புகளின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருந்தன. இதில் எது நல்லது என்று கேட்டேன். நாங்கள் யாரையும் பரிந்துரைக்கக் கூடாது, தேர்வு உங்களுடையது என்றார். எங்கள் எடிசன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் காட்டி, இதுவே இருக்கட்டும் என்றேன்.

யாரிடமும் விசாரிக்கவில்லை. இந்த ஊரில் பல் மருத்துவர் முதல் பரதநாட்டிய ஆசிரியை வரை கோயில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே விசாரித்துவிடுவோம். இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அக்காவைக் கைவிட்டுவிட்டோம் என்று நானே ஊருக்குச் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன். கலிஃபோர்னியாவிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில், “அம்மா போகட்டும்னு முடிவு பண்ணிட்டீங்களா சித்தி?” என்று கேட்டு அழுதபோது அந்தப் பயம் இன்னும் இறுகியது.

பயப்படாதவள் அக்கா ஒருத்திதான். அந்த ஆண்டு பிப்ரவரியில், முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இனி மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருக்கிறேன் என்று முடிவெடுத்த செய்தியை அவள் படித்திருந்தாள். “நான் இந்த நாட்டுக்கு வந்தப்போ அவர்தாண்டி பிரசிடென்ட். அவரே வீட்டுல இருந்துக்கிறேன்னுட்டார். எனக்கும் என் கட்டில், என் ஜன்னல் போதும்” என்றாள்.

ஹாஸ்பிஸ் என்றதும் நம் மனதில் ஒரு கட்டடம் தோன்றுகிறது. நவீன ஹாஸ்பிஸ் அப்படித்தான் தொடங்கியது. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்காவுக்கு வந்தபோது அது பெரும்பாலும் வீடு தேடி வரும் சேவையாக வளர்ந்தது. 1982-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் மூத்தோருக்கான மெடிகேர் காப்பீட்டில் சேர்ந்தது. நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதம் அல்லது அதற்குள்தான் என்று இரண்டு மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். அதைத் தாண்டி வாழ்ந்தால் சேவை நின்றுவிடாது. மறுபடி சான்று தந்து நீட்டிக்கலாம். கார்ட்டரே 22 மாதம் இருந்து, தன் 100 வயதையும் பார்த்துவிட்டுத்தான் 2024 டிசம்பரில் போனார்.

நர்ஸ், மருத்துவர், குளிப்பாட்டிவிடும் உதவியாளர், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர், தன்னார்வலர் எல்லாரும் இதில் உண்டு. கட்டில், ஆக்சிஜன், மருந்து எல்லாம் வீட்டு வாசலில் வந்து இறங்கும். குடும்பத்துக்குச் செலவு அநேகமாக இல்லை. ஆனால் மெடிகேர் அந்த அமைப்புக்கு எப்படிப் பணம் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தரத்தில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு என்று புரியும். வீட்டுப் பராமரிப்புக்கு நாள் கணக்கில் ஒரு தொகை. முதல் 60 நாட்களுக்கு நாளொன்றுக்கு 200 டாலருக்கு மேல், பிறகு கொஞ்சம் குறைவு. அன்றைக்கு நர்ஸ் வந்தாலும் அந்தப் பணம் உண்டு, யாருமே வராவிட்டாலும் உண்டு. நாட்டில் உள்ள ஹாஸ்பிஸ்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று லாப நோக்கில் நடப்பவை. மனசாட்சியுள்ளவர்கள் கையில் இந்த ஏற்பாடு வரம். வருகையைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கையில், நோயாளியின் ஒவ்வொரு நாளும் வெறும் வரவுதான்.

நான் தேர்ந்தெடுத்த அமைப்பு எப்படிப்பட்டது என்பது நான்காம் நாள், சனிக்கிழமை இரவு தெரிந்தது. ஒன்றேகால் மணிக்கு அக்கா முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். 24 மணி நேரமும் அழைக்கலாம் என்று தந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் நர்ஸ் இல்லை, தகவல் எழுதிக்கொள்ளும் ஓர் ஆள். பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, நர்ஸ் கூப்பிடுவார் என்று வைத்துவிட்டார். மூன்று முறை அடித்தேன். நர்ஸ் கூப்பிட்டபோது மணி நாலு இருபது. குளிர்பெட்டியில் உள்ள அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து மார்ஃபின் கொடுங்கள் என்றார். அந்தப் பெட்டி எங்களுக்கு வரவே இல்லை. திங்கட்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் நேரில் வந்தது காலை ஒன்பதரைக்கு. அதுவரை வெந்நீர்ப் பையை அவள் முதுகில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு முன் இறந்துபோன எங்கள் அம்மாவை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடு ஊர் நூலகத்தில் வேலை பார்த்த அமெரிக்கத் தோழி பார்க்க வந்தார். கணவரை ஹாஸ்பிஸில் வைத்துப் பார்த்து அனுப்பியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “மாற்றிக்கொள்ளலாம், தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. மெடிகேர் விதிப்படி முதல் இரண்டு தவணை 90 நாள், அதன் பிறகு 60, 60 நாளாகத் தவணைகள். ஒவ்வொரு தவணையிலும் ஒரு முறை வேறு ஹாஸ்பிஸுக்கு மாறலாம். எந்த நாளிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், சேவை இடையில் அறுந்துபோகாது.

மறுநாள் காலை இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அப்பா விசாரித்ததுபோல விசாரித்தோம். மெடிகேரின் கேர் கம்பேர் இணையதளத்தில் ஒவ்வொரு ஹாஸ்பிஸுக்கும், இறந்தவர்களின் குடும்பத்தார் தந்த மதிப்பீடுகள் இருக்கின்றன. உதவி நேரத்துக்கு வந்ததா, வலி தணிந்ததா, மரியாதையாக நடத்தினார்களா, மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டிருப்பார்கள். சிறிய அமைப்புகளுக்கு நட்சத்திர மதிப்பெண்ணே இல்லாமல் இருக்கலாம். தோழி எனக்குக் காட்டிய வரி வேறு: இறப்புக்கு முந்தைய கடைசி மூன்று நாட்களில், குறைந்தது இரண்டு நாட்களாவது நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் போயிருக்கிறார்களா என்ற கணக்கு. இது யாருடைய அபிப்பிராயமும் இல்லை, போனார்களா இல்லையா என்பதுதான். எத்தனை காலமாக நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதையும் பார்த்தோம். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஹாஸ்பிஸ்கள் அளவுக்கு மீறி முளைத்திருப்பதையும் அதில் மோசடிக்கான அறிகுறிகளையும் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2022-இல் அறிக்கையாகவே வெளியிட்டார். உரிமம் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

பிறகு நான்கு இடங்களுக்குத் தொலைபேசினோம். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்? நர்ஸ் எங்கிருந்து கிளம்புவார், எவ்வளவு நேரம் ஆகும்? மருந்துப் பெட்டி சேர்ந்த அன்றே வருமா? ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? குளிப்பாட்ட வாரத்தில் எத்தனை நாள் வருவார்கள்? வலி கட்டுக்கடங்காமல் போனால், விதியில் உள்ளபடி நாளில் எட்டு மணி நேரமாவது கூடவே இருக்க நர்ஸை அனுப்புவீர்களா, கடைசியாக எப்போது அப்படி அனுப்பினீர்கள்? வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் எந்த மருத்துவமனையில் படுக்கை? பார்த்துக்கொள்ளும் நான் சாய்ந்துவிட்டால், அக்காவை ஐந்து நாள் வரை வெளியே வைத்துப் பார்க்கும் ஓய்வு ஏற்பாடு எங்கே?

இரண்டு இடங்களில் அன்பு, கண்ணியம், பயணம் என்றெல்லாம் அழகாகப் பேசினார்கள். நேரத்தைக் கேட்டால் பதில் வழுக்கியது. நான்காவது இடத்தில் ஒரு நர்ஸே எடுத்தார். “இரவுக்குத் தனி நர்ஸ்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு நாற்பது நிமிடம். பனி கொட்டினால் கூடுதலாகும், அப்போது வந்து சேரும்வரை தொலைபேசியில் இருப்போம்” என்றார். முடியாததையும் சேர்த்துச் சொன்ன அந்தப் பதிலில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அங்கேயே மாறினோம். அன்று மாலையே ஆள் வந்தார், மருந்துப் பெட்டியும் வந்தது. முதல் வருகையில் வந்த நர்ஸ் அக்காவிடம் வலியைப் பற்றிக் கேட்ட கையோடு, வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும்; அதற்கும் சேர்த்து மருந்து எழுதாதவர் நோயாளியைக் கவனிக்கவில்லை என்று பொருள். அக்கா ஐந்து நாளாக வெட்கப்பட்டு மறைத்த விஷயம் அது. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாளோ என்று நான் தயங்கியதையும் அவர் அதட்டவில்லை. வலிக்குத் தக்க அளவில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் மருந்து உயிரைப் பறிப்பதில்லை என்று விளக்கினார். ஊசியில்லாத சிரிஞ்சில் அளவெடுத்து நாக்குக்கடியில் விடச் சொல்லிக்கொடுத்தார். அவர் எதிரிலேயே என்னை மூன்று முறை செய்ய வைத்த பிறகே எழுந்தார்.

குளிப்பாட்ட வந்த பெண், தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று அக்காவைக் கேட்டாள். அலமாரியில் எந்தப் புட்டி என்றும் கேட்டாள். தேங்காயெண்ணெய் வாசனையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு வாய் ரசம் சாதமாவது ஊட்டிவிட வேண்டும் என்று நான் மன்றாடிய நாளில் சமூகப் பணியாளர் என்னைத் தனியே உட்கார வைத்தார். சாப்பிடாததால் அவர் இறக்கப்போவதில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பாடு தேவைப்படவில்லை என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஆனால் அன்றோடு வற்புறுத்துவதை விட்டேன்.

ஏழாவது வாரம் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. நர்ஸ் தினமும் வந்தார். உங்கள் வழக்கப்படி இப்போது செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று அவராகவே கேட்டார். பால் ஊற்றுவோம் என்றேன். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்பதால், குச்சியில் செருகிய சின்னப் பஞ்சைப் பாலில் தோய்த்துக் கொடுத்தார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த அக்கா மகன் உதட்டை நனைத்தான். நானும் நனைத்தேன். விடியற்காலை நாலரைக்கு அக்கா போனாள். முகத்தில் சுளிப்பில்லை. அவசர எண்ணான 911-ஐ அழைக்காமல் ஹாஸ்பிஸை அழைத்தேன். இரவு நர்ஸ் நாற்பது நிமிடத்துக்குள் வந்தார். இறப்பை உறுதி செய்துவிட்டு, மிஞ்சிய மார்ஃபினை எங்கள் எதிரில் அளந்து எழுதினார். யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி எதிலாவது கலந்து எறிய வேண்டும், காப்பித்தூள் சக்கை இருக்கிறதா என்று கேட்டார். முந்தின நாள் ஃபில்டரில் கிடந்த சக்கையை எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் ஃபில்டர் அது, மதுரையிலிருந்து 1979-இல் கொண்டுவந்தது.

அதன் பிறகும் ஓராண்டு வரை அவர்கள் தொலைபேசினார்கள், கடிதம் எழுதினார்கள். குடும்பத்தாருக்கான மதிப்பீட்டுப் படிவம் சில மாதங்கள் கழித்துத் தபாலில் வந்தபோது ஒரு கேள்வி விடாமல் நிரப்பி அனுப்பினேன். யாரோ ஒருவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

அக்கா போன பிறகு பதினாறு நாளும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எப்படிப் போனாள், வலி இருந்ததா, மகன் வந்து சேர்ந்தானா என்று அன்போடு விசாரித்தார்கள். ஒரு மாலை, கோயிலில் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு பெண் எல்லாரும் கிளம்பிய பிறகு அடுப்படிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எங்க மாமனாருக்கு டாக்டர் ஹாஸ்பிஸ்னு சொல்லியிருக்கார். உங்களுக்கு வந்தவங்க எப்படிக்கா? யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல” என்றார்.

அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். ஒரு தாளை எடுத்து, “இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்?” என்று முதல் கேள்வியை எழுதினேன்.