தூள்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று ஆரம்பப் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. நின்றபடி கண்ணயரும், அவ்வளவுதான். மனிதர்களுக்குக் கனவு வருமே, அந்த மாதிரித் தூக்கத்திற்கு அது படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால், ஈரமாகவோ கரடுமுரடாகவோ இருக்கிற தரையில் அந்த அரை மணிக்குக்கூடப் பல குதிரைகள் படுக்காது. நாள்கணக்கில் படுக்காத குதிரை, நின்ற இடத்திலேயே கால் மடங்கிச் சரியும். முன்னங்காலில் அப்படி விழுந்த தழும்பைப் பார்த்தால் அப்பா தீனியைப் பற்றிக் கேட்க மாட்டார். "கீழ என்னா போடுறாங்க?" என்றுதான் கேட்பார்.

அப்பா சைஸ். ஈப்போவில் பந்தயக் குதிரைகளோடு இருபது வருடம், அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு சின்ன சவாரிப் பள்ளியில். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்து, 1842-இல் தொடங்கிய கதை முடிந்தபோது எல்லாரும் ஜாக்கிகளையும் கோப்பைகளையும் பற்றி எழுதினார்கள். லாயத்தில் குனிந்து நின்றவர்களைப் பற்றி நான் அதிகம் படிக்கவில்லை. அவர்களில் நம் ஆட்கள் நிறைய.

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 கிலோ லத்தி போடும். மூத்திரம் 9 லிட்டர். லத்தியை முள்வாரியால் அள்ளிவிடலாம். தொல்லை மூத்திரத்தில்தான். அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் உடைக்க, அம்மோனியா கிளம்பும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. படுத்திருக்கும்போது அந்த மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். "நின்னுக்கிட்டு மோந்தா ஒண்ணும் தெரியாதுடா, உக்காந்து பாரு" என்பார் அப்பா. உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆக, கீழே போடுவது குடிக்க வேண்டும். இங்கிலாந்துப் புத்தகங்களில் கோதுமை வைக்கோல் வரும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? நெல் வைக்கோல் கிடைக்கும், ஆனால் நம் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பசித்த குதிரை அதைத் தின்றே வயிற்றைக் கட்டிக்கொள்ளும். ரப்பர் பாய் காலுக்கு மெத்து, ஆனால் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. மேலே எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும். தெறிக்கிற தரையில் சில குதிரைகள் மூத்திரத்தையே அடக்கிக்கொள்ளும். அழுத்திச் செய்த மரக் குருணை மூட்டையில் வரும், தண்ணீர் தெளித்தால் பொதபொதவென்று உப்பும். நல்ல சரக்கு, விலைதான் கடிக்கும்.

மிஞ்சுவது மரச்சீவல். எங்கள் லாயத்துக்கு வந்தது ரப்பர் மரச்சீவல். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, சூளையில் காயவைத்து, நாற்காலி மேசை செய்வார்கள். இழைக்கும்போது விழுவது லோரி ஏறி எங்களிடம் வரும். பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த மரத்தின் மிச்சத்தை அப்பா முள்வாரியால் புரட்டினார். இதற்குமேல் இதில் கவிதை எதுவும் தேட வேண்டாம்.

விரிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஆண் குதிரை நடுவில் பெய்யும், பெட்டை பின்பக்கம். எங்கே தடிமன் வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்ய வேண்டும். சுவரோரம் மேடாக அணை கட்டினால், உருளும்போது கால் சுவரில் மாட்டாது. காலையில் மேலே இருக்கிற காய்ந்ததை ஒதுக்கி, அடியில் கறுத்த ஈரத்தை மட்டும் எடுத்து, தரையைக் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். ஈரத்தை விட்டுவைத்தால் குளம்பின் அடி அழுகி நாறும்.

இதில் ஒரு சிக்கல். மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குடிக்கும், அவ்வளவு பறக்கும்.

ஒரு வருடம் முதலாளி செலவைக் குறைக்க, சலித்த சீவலை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலையில் கூட்டி அள்ளிய தூளை இறக்கினார். மாவு மாதிரி இருந்தது. பசை வாடை, நடுநடுவே ஆணி. "நல்லா உறிஞ்சுது பாருங்க" என்றார். உறிஞ்சியது உண்மைதான். மூன்றாவது வாரம் ஒரு குதிரை இருமத் தொடங்கியது. இரண்டே நாளில் மிருக வைத்தியர் வந்தார். கேட்ட முதல் கேள்வி அப்பாவின் கேள்விதான்: கீழே என்ன? அன்று மாலையே அந்தக் கொட்டடியைக் கழுவி, சலித்த சீவல் போட்டார்கள். மற்ற பதினொரு கொட்டடிகளிலும் அதே தூள்தான், கையிருப்பு தீரும்வரை.

அப்பா அதற்கு முன்பே இருமிக்கொண்டுதான் இருந்தார். கிளினிக்கில் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் இருமல் மருந்து எழுதினார்கள். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. குதிரைப் படுக்கை பற்றி நான் படித்த கையேடுகள் எல்லாம் குதிரையின் நுரையீரலைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன, பேச வேண்டியதுதான். புரட்டுகிறவனுக்கும் நுரையீரல் உண்டு என்று ஒரு வரி? தேடினேன், கிடைக்கவில்லை. குதிரையையாவது கொட்டடியைக் கூட்டும்போது வெளியே கட்டுவார்கள்.

முகமூடி வாங்கிக் கொடுத்தேன். போட மாட்டேன் என்றார். "வாசம் தெரியலன்னா எங்க ஈரம்னு எப்படித் தெரியும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய வேலை முழுவதும் அந்த மூக்கில்தான் இருந்தது.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. மாடிப்படியில் பாதியில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறார். அவர் இடத்துக்கு நேப்பாளத்திலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த மலாய்தான். அதில் அப்பா அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்: மூட்டையை உள்ளே வைத்துக் கொட்டாதே, வாசலில் கொட்டு. முதலில் தண்ணீர் தெளி, கை நனைகிற அளவுக்கு மட்டும். காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நில். முகமூடியைப் போட்டுக்கொள். ஈரம் எங்கே என்று பார்க்க மட்டும் கழற்று.