கேசட்டில் இல்லாத பாட்டு

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதில் மறுபடி பதிய முடியாது. உடைந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் பதியலாம். சுங்கை சிப்புட்டில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. 1986இல், பதினைந்து வயதில், நானும் அதைத்தான் செய்தேன்.

அன்று ரேடியோ 4இல் ராக் பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. புதுக் கேசட் வாங்கக் காசில்லை. அலமாரியில் சித்தப்பா பதிந்து வைத்த ஒன்று கிடந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அப்பா தப்படித்துப் பாடியது. ‘அதான் வருசா வருசம் பாடுறாரே’ என்று நினைத்துக்கொண்டு செலோடேப்பை ஒட்டினேன்.

அப்பா பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் இருந்தால் ரேடியோ 6 மட்டும்தான். எனக்கு லெட் செப்பலின், டீப் பர்ப்பிள். லயத்துச் சத்தத்தை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகத்தான் ராக் கேட்டேன். ஒருநாள் டிவியில் அலிகேட்ஸ் குழு பாடியது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும், குடைபோல விரிந்த சுருட்டை முடியோடு, மலாய்ப் பாட்டு. கொஞ்சநேரம் பார்த்த அப்பா, “நல்லாத்தான்டா பாடுறானுங்க. நம்ம பாட்டையும் பாடலாம்ல?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம பாட்டு என்று எதைச் சொல்கிறார்?

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ராக்கின் வேரைத் தேடிப் படித்தேன். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரை எடுத்தது மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து. மடி வாட்டர்ஸ், மிசிசிப்பியின் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து அவரைப் பாடவைத்தார். தன் குரலைத் தானே கேட்டபோதுதான் தன்னாலும் முடியும் என்று அவருக்குத் தோன்றியதாம். 1943இல் சிகாகோ போனார். நகரத்து மதுக்கடை இரைச்சலில் எடுபட மின்கிட்டாரைப் பிடித்தார்.

தோட்டத்தை விட்டு ஓட நான் பற்றிக்கொண்ட இசை இன்னொரு தோட்டத்திலிருந்து வந்திருந்தது.

அடிமைகளின் வம்சம் பட்டதும் கங்காணி கூட்டிவந்த நம்மவர்கள் பட்டதும் ஒன்றல்ல. இரண்டையும் சமமாக்கி உருகுவது சுலபம். நான் யோசித்தது வேறு. அங்கே போன கருவி இங்கேயும் வந்திருந்தது. சித்தப்பா கையில். அழித்தது நான்.

ஜாஸுக்கு வந்தது ‘சக்தி’ குழு வழியாக. 1976இல் வெளிவந்த முதல் ஆல்பம்: ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். ஒருவர் வாசித்து நிறுத்த, இன்னொருவர் பதில் சொல்கிறார். மண்பானை கிட்டாரோடு பேசுகிறது. முதல்தடவையே எனக்குப் புரிந்தது. அப்பா ஒரு அடி பாட, பெண்கள் திருப்பிப் பாட, நடுவில் தப்பு புகுந்து விளையாடுவதைக் கேட்டு வளர்ந்த காது. ஆனால் கடத்துக்குச் சபா இருந்தது. தப்புக்கு மாரியம்மன் கோயில் வாசல்தான்.

அப்பா ஒரேயொரு முறை கேட்டார். “அந்தக் கேசட்டு எங்கடா?” நாடா சிக்கி அறுந்துவிட்டது என்றேன். “சரி வுடு” என்றார். அவர் இறந்த வாரம் அதைத் தேடியெடுத்துக் கடைசிவரை ஓடவிட்டேன். கிட்டார், அறிவிப்பாளர் குரல், மறுபடி கிட்டார். ஓரத்தில்கூட அப்பா மிஞ்சவில்லை.

தோட்டம் இப்போது செம்பனை. அத்தை சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீட்டில் மகளோடு இருக்கிறார். போன வருடம் கைபேசியை முன்னால் வைத்து, அந்தத் திருவிழாப் பாட்டைப் பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடி நிறுத்திவிட்டார்.

“பொம்பளைங்க நாங்க திருப்பிப் பாடுறது மட்டுந்தான்யா எனக்குத் தெரியும். முன்னாடி பாடுறது ஒங்கப்பன்ல.”

அந்த இரண்டு வரியைப் பதிந்து வைத்திருக்கிறேன்.