கறுப்பும் அழகுதான்

பேரன் காரில் பதித்திருந்த பெயரெழுத்துகளைக் கறுப்பாக்க உட்கார்ந்தான். சுற்றிலும் டேப் ஒட்டி, நைசான உப்புத்தாளால் தேய்த்தான். “தேய்த்தால் பளபளக்கத்தானே வேண்டும்?” என்றேன். “குரோம் வழவழன்னு இருந்தா பெயிண்ட் உரிஞ்சிடும் தாத்தா. மங்கினாத்தான் பிடிக்கும்” என்றான்.

அப்பா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா அவர். எனக்குப் பத்து வயதிருக்கும். புதுச்சேரியில் ஜூலை 14 விழாவுக்கு முந்தின நாள், கறுத்திருந்த அவருடைய வெண்கல மெடலைச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்துப் பொன்னாக மின்ன வைத்தேன். அவர் திட்டவில்லை. “அது அழுக்கு இல்லடா, செய்யும்போதே கொடுத்த நிறம்” என்றார். மறுநாள் மெடல் இல்லாமலே போனார்.

பேரனிடம் உப்புத்தாளை வாங்கி, கடைசி எழுத்தை நானே தேய்த்தேன். பிறகு அவன் மெல்லிசாக மூன்று தடவை ஸ்பிரே அடித்தான். நல்ல கறுப்பு. அப்பா பார்த்திருக்கலாம்.